டம்மி அணியில் நான்கு வருடம்

லோவெல் ஸ்டுக்கியைப் பற்றி எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி. துரோகி என்று ஒரு கட்சி, முட்டாள் என்று ஒரு கட்சி. அவன் நல்ல ஆட்டக்காரன் என்று சொல்ல மூன்றாவதாக ஒரு கட்சி இருந்திருக்க வேண்டும். அதற்கு ஆள் சேரவே இல்லை.

அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், சோளக்காட்டுக்கும் வான்கோழித் தொழிற்சாலைக்கும் நடுவே இருக்கிறது ட்ரஸ்லர் கல்லூரி. லோவெலின் அம்மா மார்வா அந்தத் தொழிற்சாலையில் விடியற்கால ஷிப்ட். அப்பா டெக்சாசுக்கு வேலை தேடிப் போனார். வேலை கிடைத்தது, ஆள் திரும்பவில்லை. மார்வாவுக்கு அதனால் வாய் நீண்டதா, வாய் நீண்டதால்தான் அவர் போனாரா என்பதில் ஊருக்குச் சந்தேகம் உண்டு. அவள் எதிரில் அதைக் கேட்கத் துணிந்தவர் யாரும் இல்லை.

லோவெல் ஆறடி மூன்று அங்குலம். பள்ளி அணியில் அவன்தான் எல்லாம். ஆனால் எங்கள் பக்கத்தில் பள்ளியில் எல்லாமாக இருந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர். எந்தக் கல்லூரியும் அவனைக் கூப்பிடவில்லை. மற்ற மாணவர்களைப் போல விண்ணப்பம் போட்டு ட்ரஸ்லரில் சேர்ந்தான். சேர்ந்த முதல் வாரமே கூடைப்பந்து கோச் பர்டெட்டின் அறைக் கதவைத் தட்டினான்.

"ஓடுவியா?" என்றார் பர்டெட், தலை நிமிராமல்.

"ஓடுவேன் கோச்."

"பந்து போடுவியா?"

"போடுவேன் கோச்."

"நிப்பியா?"

இந்த மூன்றாவது கேள்வி அவனுக்குப் புரியவில்லை. நிற்பேன் என்று சொல்லிவைத்தான். வெளியே வந்து அம்மாவுக்கு போன் போட்டு, "டீம்ல சேத்துக்கிட்டாங்கம்மா!" என்று கத்தினான். அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பர்டெட் சேர்த்துக்கொண்டது டம்மி அணியில். கல்லூரி அணி என்றால் பதினைந்து பேர். அதில் ஒன்பது பேர் ஆடுவார்கள். மீதி ஆறு பேர் பயிற்சியில் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் மோதப் போகிற எதிரணி மாதிரி நடிக்க வேண்டும். அவர்கள் எந்தச் சைகைக்கு எங்கே ஓடுவார்கள், யார் பந்து வாங்குவான், யார் குறுக்கே நிற்பான், எல்லாவற்றையும் அச்சு அசலாக ஆடிக்காட்ட வேண்டும். அப்போதுதான் நம்முடைய ஒன்பது பேருக்கு அதைத் தடுக்கப் பழக்கம் வரும். ஆட்ட நாளில் இந்த ஆறு பேரும் நல்ல சட்டை போட்டு பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டலாம். ஒப்புக்குச் சப்பாணி.

ஞாயிற்றுக்கிழமை தோறும் உதவிப் பயிற்சியாளர் ஒரு வீடியோ கேசட்டைக் கொடுப்பார். லோவெல் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், எதிரணியில் தன் பங்குக்கு விழுந்த ஆளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். எந்தத் தோளை முதலில் சாய்க்கிறான், எந்தக் காலில் எம்புகிறான், களைத்தால் எங்கே சொறிகிறான் என்பதுவரை.

"யாருடா இவன்?" என்பாள் மார்வா, தன் டிவி தொடர் போய்விட்ட கோபத்தில்.

"வெய்ன்லி காலேஜ் முப்பத்திரண்டாம் நம்பர்மா. இந்த வாரம் நான்தான் அவன்."

"போன வாரம் எவனோ ஒரு சொட்டைத் தலையனா இருந்தே. என் புள்ளையா எப்படா வருவே?"

அவள் ஆட்டம் பார்க்கப் போனதில்லை. "பெஞ்சில உக்காந்திருக்கிறதைப் பாக்க இருபது நிமிஷம் வண்டி ஓட்டணுமா? அதை இங்க சோபாவுலயே பாத்துக்கிறேன்" என்பாள்.

எதிரணிகளில் பெரிய எதிரி பிக்கெட் கல்லூரி. இருபது மைல் தள்ளி இருக்கிறது. அவர்களைத் தோற்கடிக்கிற வருடம் எங்கள் ஊரில் நல்ல வருடம், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும். பிக்கெட்டிடம் பல வருடமாக ஒரு தந்திர ஆட்டம் உண்டு. பந்து வைத்திருப்பவன் தலைக்கு மேல் கையை மூடிக் காட்டுவான். உடனே அவர்களுடைய பெரிய ஆள் டாலிவர், கூடைக்கு அடியிலிருந்து ஓடிவந்து, தரையில் போட்ட கோட்டின் முனையில் கால் அகட்டி, மார்பில் கை கட்டி, தூண் மாதிரி நின்றுவிடுவான். பந்து வைத்திருப்பவன் அந்தத் தூணை ஒட்டி ஓடுவான். அவனைத் துரத்துகிற நம்முடைய ஆள் தூணில் மோதிக்கொள்வான். துரத்த ஆளில்லாமல் அவன் நிதானமாகப் பந்தைக் கூடையில் போட்டுவிட்டுப் போவான். இதற்கு ஸ்க்ரீன் என்று பெயர்.

எந்த வாரம் யாரோடு மோதினாலும், பிக்கெட்டின் அந்த ஆட்டத்துக்கு மட்டும் தினமும் பயிற்சி உண்டு. நான்கு வருடமும் அதில் டாலிவர் வேஷம் லோவெலுக்குத்தான். துரத்தி வந்து மோதுகிற வேலை ப்ரென்ட் ஓவர்மயருக்கு. அவன் எங்கள் அணியின் கேப்டன், வங்கி மேனேஜர் மகன், அணியிலேயே அதிகப் புள்ளி எடுப்பவன், அதைத் தானே சொல்லிக்கொண்டு திரிபவன்.

இரண்டாம் வருடம் ஒரு நாள் கை மூடியதும் லோவெல் ஓரடி தாமதமாகப் போனான். பர்டெட் விசில் ஊதினார்.

"என்ன யோசிச்சே?"

"ஒண்ணும் யோசிக்கல கோச்."

"யோசிச்சே. அதான் லேட்டு. யோசிக்கச் சொல்லியா உன்னை வச்சிருக்கேன்? கை மூடினா கால் தானா போகணும். போ, படிக்கட்டு முப்பது தடவை. ஆறு பேரும் போங்கடா!"

மற்ற ஐந்து பேர் ஏறி இறங்கும்போது லோவெலைத் திட்டிக்கொண்டே ஏறி இறங்கினார்கள். அதற்குப் பிறகு அவன் ஒரு தடவைகூடத் தாமதமாகவில்லை. தினம் பத்து தடவை, இருபது தடவை. ஓவர்மயர் முழங்கையை முன்னால் நீட்டிக்கொண்டுதான் மோதுவான். மூன்றாம் வருடம் லோவெலின் முன்பல் பாதி போனது.

"தள்ளி நின்னா என்னடா?" என்றான் ஓவர்மயர். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

"டாலிவர் தள்ளி நிக்க மாட்டான்" என்றான் லோவெல், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "சாகணும்னா அவன்கிட்ட போய்ச் சாவு. அதுக்குத்தான் இங்க பழகுறே."

இருவரையும் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது. பர்டெட் பிரிக்க வரவில்லை. கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது பிடித்திருந்தது.

நான்காம் வருடம் மோசமான வருடம். நவம்பரில் ஆறு ஆட்டம் ஜெயித்தார்கள். டிசம்பரில் சறுக்கல் தொடங்கியது. ஜனவரியில் ஏழு ஆட்டம் வரிசையாகப் போனது. பெட்ரோல் பங்கில் காபி குடிக்கிற கிழவர்கள் பர்டெட்டின் காரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ அவர் வீட்டு முற்றத்தில் 'வீடு விற்பனைக்கு' என்ற பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். பிப்ரவரி கடைசியில், கடைசி ஆட்டம் சொந்த அரங்கத்தில், பிக்கெட்டோடு. ஜெயித்தால் வட்டாரக் கல்லூரிகளின் கோப்பைப் போட்டியில் கடைசி இடம். தோற்றால் பர்டெட் உண்மையிலேயே வீட்டை விற்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. சொந்த அரங்கத்தில் நடக்கிற கடைசி ஆட்டத்தன்று, அந்த வருடம் படித்து முடிக்கிறவர்கள் அப்பா அம்மாவோடு நடு மைதானத்துக்கு நடந்து வருவார்கள். அம்மாவுக்குப் பூ. பிறகு அவர்கள்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். நாலு வருடம் பெஞ்சு தேய்த்தவனும் அன்று தொடங்குவான், ஒரே நிமிடமானாலும். லோவெல் நாலு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். வேறு யாராகவும் இல்லாமல், ட்ரஸ்லர் சட்டையில், ட்ரஸ்லர்காரனாக. அதைவிடப் பெரிதாக அவன் எதையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் பர்டெட் கூப்பிட்டார்.

"நாளைக்கு ஆட்டத்தைத் தொடங்குறது நீ இல்ல."

"கோச்... வழக்கம் இருக்கே?"

"வழக்கம் வந்து என் வேலையைக் காப்பாத்துமா? ஒரு நிமிஷம் உன்னை விட்டா நாலு பாயிண்டு போகும். பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, கை தட்டுவாங்க, உங்கம்மாவுக்குப் பூ உண்டு. போதாதா?"

லோவெலுக்கு அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னான். அம்மா ஏற்கெனவே புதுக் கோட்டு வாங்கி மாட்டி வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அரங்கத்தில் ஊசி விழ இடமில்லை. மார்வா புதுக் கோட்டோடு மகன் கையைப் பிடித்து நடுவுக்கு நடந்து வந்தாள். பர்டெட் சிரித்துக்கொண்டே வெள்ளைப் பூவை நீட்டினார்.

"நாலு வருஷம் உழைச்ச புள்ளைக்கு இதானா?" என்றாள் மார்வா, சத்தம் குறைக்காமல். "இதை எங்க வைக்கிறது, அவன் சமாதியிலயா?"

முதல் வரிசை சிரித்தது. பர்டெட்டின் சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று.

ஆட்டம் நெருக்கமாகத்தான் போனது. முதல் பாதியில் எங்கள் உயரக்காரன் ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கியது. இரண்டாம் பாதியில், பதினோரு நொடி மிச்சம் இருக்கும்போது, இன்னொருவன் ஐந்தாவது ஃபவுல் வாங்கி, விதிப்படி வெளியே வந்தான். எங்களுக்கு ஒரு புள்ளி முன்னிலை. பந்து பிக்கெட்டிடம். டாலிவரைப் பிடிக்க உயரமான ஆள் ஒருவன் வேண்டும். பர்டெட் பெஞ்சைப் பார்த்தார். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தார்.

"ஸ்டுக்கி! டாலிவரைப் பத்தி உனக்குத் தெரிஞ்ச மாதிரி எவனுக்கும் தெரியாது. போ. அவனை ஒட்டிக்கோ."

"அப்புறம் கோச்? அவங்க கை மூடினா நான் என்ன..."

"ஒட்டிக்கோன்னேன் இல்ல, போடா!"

லோவெல் மேல் சட்டையைக் கழற்றினான்; படித்து முடிக்கிறவன் என்பதால் அன்று உள்ளே ட்ரஸ்லர் சட்டை இருந்தது. ஒலிபெருக்கி அவன் பெயரைச் சொன்னது. மார்வா எழுந்து நின்றுவிட்டாள். ஓவர்மயர் பக்கத்தில் வந்து, "சொதப்பிடாதே, கெஞ்சிக் கேக்கிறேன்" என்றான். கெஞ்சுகிற குரலாக அது இல்லை.

பந்து உள்ளே வந்தது. பிக்கெட்காரன் இரண்டு முறை தட்டினான். எட்டு நொடி. தலைக்கு மேல் கையை மூடினான்.

லோவெல் ஓடினான். டாலிவருக்கும் முன்னால் ஓடினான். கோட்டின் முனைக்குப் போய், கால் அகட்டி, மார்பில் கை கட்டி, நின்றான்.

ஓவர்மயர் தன் ஆளைத் துரத்தி வந்த வேகத்தில் லோவெலின் மார்பில் மோதி, அம்மா என்று கத்திக்கொண்டு மல்லாந்தான். பின்னால் ஓடிவந்த டாலிவர், தன் இடத்தில் ஆள் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றான். பிக்கெட்காரன் யாரும் துரத்தாமல், நிதானமாக, பந்தைக் கூடையில் போட்டான். மணி அடித்தது.

இரண்டாயிரம் பேரும் எழுந்தார்கள். பிறகு வாயைத் திறந்தார்கள். அதை எழுதக் கூடாது.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையில் கை குலுக்க வேண்டும். டாலிவர் லோவெலின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சிரிப்பில் அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணே, அது நான் நிக்க வேண்டிய இடம்ணே! என்னைவிட நல்லா நின்னீங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

உடை மாற்றும் அறையில் ஓவர்மயர் ஷூவை எடுத்து வீசினான். அது லோவெலின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தது.

"வேணும்னே செஞ்சேடா நீ! நாலு வருஷ வஞ்சம்! சொல்லு, வேணும்னுதானே செஞ்சே?"

பதினான்கு பேரும் அவனையே பார்த்தார்கள். மூலையில் ஒருவன் இன்னொருவனிடம், "இல்லடா, லூசு, மறந்துட்டான் போல" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் லோவெலைக் குத்தியது. டாலிவரின் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

"ஆமா" என்றான். "வேணும்னுதான் செஞ்சேன். என்ன பண்ணுவே?"

ஞாயிறு காலை வீட்டுக் கதவில் யாரோ முட்டை அடித்திருந்தார்கள். மார்வா சுடுதண்ணீர் வாளியோடு துடைத்துக்கொண்டிருந்தாள். லோவெல் துணியை வாங்கப் போனான். அவள் கொடுக்கவில்லை.

"வேணும்னு செஞ்சேன்னியாமே?"

"ஆமாம்மா."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை.

"வேணும்னு செய்யலம்மா. கை மூடினாங்க, கால் போயிடுச்சு. ஓவர்மயர் கீழ விழுந்தப்புறம்தான் என்ன செஞ்சேன்னே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டா அப்படிச் சொன்னே?"

"சிரிச்சாங்கம்மா. அயோக்கியன்னாவது சொல்லட்டும்னு தோணிச்சு."

மார்வா துணியை வாளியில் போட்டாள். "அயோக்கியப் புள்ளைய வளர்த்தேன்னு ஊர் சொன்னா கேட்டுக்குவேன். அது பொய்யா இருந்தா கேட்டுக்க மாட்டேன். நாளைக்குப் போய் வாயைத் திற. இல்லேன்னா நான் வந்து திறப்பேன்."

திங்கட்கிழமை காலை கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர் நிஸ்வாண்டர் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் அவர், பர்டெட், கேப்டன் என்ற முறையில் ஓவர்மயர். மேஜையில் ஒரு தாள் தட்டச்சு செய்து தயாராக இருந்தது. லோவெல் ஸ்டுக்கி ஆகிய நான், அணிக்கு எதிராக வேண்டுமென்றே செயல்பட்டேன் என்று தொடங்கியது. கையெழுத்துப் போட்டால் அந்த வருட அணிப் பட்டியலிலிருந்து அவன் பெயர் போய்விடும். அந்தப் பதினோரு நொடியும் சேர்ந்து போய்விடும். பர்டெட்டின் வேலை தப்பிக்கும். ஒரே ஒரு துரோகியால் போன ஆட்டத்துக்குக் கோச் என்ன செய்வார், பாவம்.

"போடு" என்று பேனாவை நீட்டினார் பர்டெட். "நீயே சொன்னதுதானே."

"நான் சொன்னது பொய் கோச். வேணும்னு செய்யல."

"பதினாலு பேர் கேட்டிருக்காங்க!"

"பதினாலு பேர்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."

நிஸ்வாண்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. வேணும்னு செய்யலைன்னா, அவங்க கை மூடினப்ப நீ செஞ்சிருக்க வேண்டியது என்ன? நம்ம டீம்ல அதுக்கு என்ன ஏற்பாடு?"

லோவெல் வாயைத் திறந்தான். யோசித்தான். யோசிக்க யோசிக்க முகம் வெளுத்தது. நான்கு வருடமாகத் தினமும் அந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறான். நம்முடைய ஆள் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நாளும் யாரும் அவனிடம் சொன்னதில்லை.

"தெரியாது சார்."

"நடிக்கிறான்!" என்றார் பர்டெட். "நாலு வருஷம் ஒரு நாள் விடாம பயிற்சிக்கு வந்தவன் சார் இவன்."

"வந்தேன். எதிர்ப் பக்கம் நின்னேன். நீங்க சொல்லிக் கொடுக்கிறப்ப எங்க ஆறு பேரையும் தண்ணி குடிக்க அனுப்பிடுவீங்க."

"அப்ப நம்ம டீமோட ஆட்டம் ஒண்ணுமே உனக்குத் தெரியாதா?" என்றார் நிஸ்வாண்டர்.

"ஒண்ணு விடாமத் தெரியும் சார். ஆனா எதிர்ல நின்னு பாத்தா எப்படித் தெரியுமோ அப்படித்தான் தெரியும். எப்படி ஆடுறதுன்னு கேட்காதீங்க. எப்படி முறிக்கிறதுன்னு கேளுங்க, சொல்றேன்."

சுவரில் வெள்ளைப் பலகை இருந்தது. லோவெல் போய்ப் பேனாவை எடுத்தான். பர்டெட் பெருமையோடு தன் முதல் தந்திர ஆட்டம் என்று சொல்வதை ஐந்து வட்டமும் மூன்று கோடுமாக வரைந்தான். பக்கத்தில் ஒரு கோடு இழுத்தான். "இங்க ஒருத்தன் ஒரு அடி முன்னால வந்து நின்னா, தீந்துது." இரண்டாவதை வரைந்தான். "இதுல ப்ரென்ட் இடது பக்கம் திரும்பவே மாட்டான். வலது பக்கத்தை அடைச்சா, பந்தை வச்சுக்கிட்டு அழுவான்."

ஓவர்மயர் முதலில் இளித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது படத்தில் இளிப்பு நின்றது. நாற்காலியிலிருந்து எழுந்து பலகைக்குக் கிட்டே போனான்.

"ஜனவரியில வெய்ன்லிக்காரங்க இதைத்தான் செஞ்சாங்க" என்றான். குரலில் இருந்த கோபம் இடம் மாறிவிட்டது. பர்டெட்டைத் திரும்பிப் பார்த்தான். "ஏழு ஆட்டத்துலயும் எல்லாரும் இதைத்தான் செஞ்சாங்க. இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க இவனை ஒரு தடவை கேட்டிருக்கலாமே கோச்?"

"டம்மி டீம்காரனை நான் கேக்கணுமா?" என்றார் பர்டெட். சொல்லிவிட்டு நிஸ்வாண்டரின் முகத்தைப் பார்த்தார். சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே புரிந்தது.

லோவெலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜெயித்த மாதிரி இல்லை. அந்தச் சட்டைக்காக நாலு வருடம் ஏங்கினான்; அந்தச் சட்டைக்காரர்களைத் தோற்கடிக்க மட்டும்தான் கற்றிருக்கிறான். தன் அணி என்று அவனுக்கு ஒன்று இருந்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் மூன்றாவதை வரைந்தான், நான்காவதை வரைந்தான். ஒவ்வொன்றிலும் முறிகிற இடத்தில் அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டான். பலகை நிரம்பிவிட்டது.

"நிறுத்துடா!" என்று கத்தினார் பர்டெட்.

"போதும் தம்பி" என்றார் நிஸ்வாண்டர், மெதுவாக. "புரிஞ்சுது. போதும்."

"இன்னும் நாலு இருக்கு சார்" என்றான் லோவெல். மேஜைமேல் இருந்த தாளைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில் ஐந்தாவதை வரையத் தொடங்கினான்.